போனை வையுங்கள், தெரிந்த எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்

நவம்பர் பிறந்துவிட்டால் மத்திய அரசுப் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கிற கவலை வந்துவிடும். நீலகிரியில் அப்படிப்பட்ட வீடுகள் அதிகம். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், வெலிங்டனைச் சுற்றிக் குடியேறிவிட்ட முன்னாள் ராணுவத்தினர், தபால் துறையில் இருந்தவர்கள், மலை ரயிலில் வேலை பார்த்தவர்கள் என்று குன்னூரிலிருந்து உதகை வரை தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் ஏமாற்றுக்காரர்களின் அழைப்புகளும் வருகின்றன.

குன்னூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவருக்கு வந்த அழைப்பைச் சொல்கிறேன். "சார், பென்ஷன் ஆபீஸ்ல இருந்து பேசுறேன்" என்று நல்ல தமிழில், மரியாதையாகத்தான் ஆரம்பித்திருக்கிறான். அவருடைய முழுப்பெயர், பிறந்த தேதி, ஓய்வு பெற்ற மாதம், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவு எண் எல்லாவற்றையும் அவனே வாசித்துக் காட்டி, சரிதானே சார், சரிதானே சார் என்று கேட்க, இவரும் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டிருக்கிறார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். லைஃப் சர்டிஃபிகேட் பதிவாகவில்லை, இன்று சாயங்காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் இந்த மாதப் பென்ஷன் நின்றுவிடும், நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம், உங்கள் போனுக்கு ஆறு இலக்கத்தில் ஓர் எண் வரும், அதை மட்டும் சொன்னால் போதும். எண் வந்தது. படிக்கக் கண்ணாடி இல்லை. ஸ்பீக்கரில் போட்ட போன் மேசைமேல் இருக்க அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார், அடுப்படியிலிருந்து வந்த அவர் மனைவி யாரென்று கேட்கிறார், சும்மா இரு என்று இவர் கையைக் காட்டுகிறார், அதற்குள் போனிலிருந்து "பக்கத்துல யாரு சார்? கொஞ்சம் தனியா வந்து பேசுங்க" என்று குரல் வருகிறது. அந்த ஒரு பேச்சில்தான் அந்த அம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது. "நீங்க எந்த ஆபீஸ், எந்த ஊரு? என் மகன் அந்த ஆபீஸ் நம்பருக்கே கூப்பிடுவான், சொல்லுங்க" என்றார். இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது.

பணம் போகவில்லை. ஆனால் பெரியவர் பிறகு கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. "பி.பி.ஓ. நம்பர் முதற்கொண்டு எல்லாத்தையும் கரெக்டா சொல்றான், அப்புறம் எப்படிச் சந்தேகப்படுறது?" படித்தவர், படிக்காதவர் என்று வித்தியாசமில்லாமல் ஏமாறுகிற பெரும்பாலோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நம்மைப் பற்றிய விவரம் தெரிந்தவன் நம் ஆபீஸ்காரனாகத்தான் இருப்பான் என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. ஒரு காலத்தில் அது சரியாகக்கூட இருந்திருக்கலாம். இப்போது நம் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், வங்கிக் கிளை, கேஸ் இணைப்பு எண் எல்லாம் எத்தனை ஜெராக்ஸ் கடையில், எத்தனை விண்ணப்பத்தில், எத்தனை செயலியில் கிடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். சிம் வாங்கும்போது ஒரு நகல், கடன் கேட்கும்போது ஒரு நகல், விடுதியில் தங்கும்போது ஒரு நகல் என்று நாமே கொடுத்துவிட்டு வந்தவை, நிறுவனங்களின் கணினிகளிலிருந்து கசிந்தவை, ஆள் வைத்து விற்கப்பட்டவை என்று எல்லாம் பட்டியலாகச் சேர்ந்து விலைக்குக் கிடைக்கின்றன. ஆகவே விவரம் சொல்வதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

உயிர்வாழ் சான்று விஷயத்தில் நிஜமான நடைமுறை தெரிந்தால் பயம் பாதி போய்விடும். ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் முறை 2014 நவம்பரில் வந்தது. இப்போது முகத்தைக் காட்டியே கைபேசியில் செய்துகொள்ளலாம், வங்கிக்கோ தபால் நிலையத்துக்கோ போய்ச் செய்யலாம், நடக்க முடியாதவர்கள் என்றால் தபால்காரரே வீட்டுக்கு வந்து சிறு கட்டணத்துக்குச் செய்து கொடுப்பார். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்தே கொடுக்கலாம். இதில் எதிலும் முன்பின் தெரியாத ஒருவர் போனில் கூப்பிட்டு ஓ.டி.பி. கேட்கிற கட்டமே இல்லை. மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்தின் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று அந்த அலுவலகமே பென்ஷன்தாரர்களை எச்சரித்திருக்கிறது.

மோசடி வகைகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்றைக்கு லைஃப் சர்டிஃபிகேட், நாளைக்குக் கரண்ட் பில், அதற்கடுத்த நாள் பிஎம் கிசான். பட்டியல் தீராது, அவர்கள் கதையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் கதை எதுவானாலும் அழைப்பின் எலும்புக்கூடு ஒன்றுதான். முதலில் ஓர் அதிகாரத்தின் பெயர் வரும், அது வங்கி, போலீஸ், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், மின்வாரியம் எதுவாகவும் இருக்கலாம். அடுத்து ஒரு பயமோ ஆசையோ. அப்புறம் அவசரம், இன்று ராத்திரி ஒன்பதரைக்குள், இன்னும் இரண்டு மணி நேரத்துக்குள் என்று. பிறகு தனிமை, யாரிடமும் சொல்லாதீர்கள், போனை வைக்காதீர்கள், தனியாக வாருங்கள். கடைசியில் உங்கள் கையால் செய்ய வேண்டிய ஒரு சின்னக் காரியம், ஓர் எண்ணைச் சொல்வது, ஒரு லிங்க்கைத் தொடுவது, ஒரு செயலியை இறக்குவது, ஒரு பின் போடுவது. இந்த ஐந்தில் அவர்களுக்கு ரொம்ப முக்கியமானது தனிமை என்பது என் கருத்து. மற்ற நான்கும் இருந்து, பக்கத்தில் ஒரே ஓர் ஆள் இருந்து, "என்னங்க அது" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், கட்டிய கதை கலைந்துவிடும். அந்தப் பெரியவர் வீட்டில் நடந்தது அதுதான்.

நம் மலை ஊர்களில் இது ஏன் கூடுதல் ஆபத்து என்றால், இங்கே தனியாக இருக்கிற முதியவர்கள் அதிகம். பிள்ளைகள் கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கிறார்கள். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், போய்ப் பார்த்தால் பூட்டிய வீடுகளுக்கு நடுவே ஒன்றிரண்டு வீடுகளில் அம்மாவும் அப்பாவும் மட்டும் இருப்பார்கள். பந்தலூர், சேரம்பாடி பக்கம் தோட்ட லைன் வீடுகளிலும் வேலைக்குப் போகும் வயதுள்ளவர்கள் சமவெளிக்கு இறங்கிப் போய்விட்ட குடும்பங்கள் நிறைய. பேரன் குரலைக் கேட்பது, மகள் அனுப்பிய பணம் வந்ததா என்று பார்ப்பது, மருந்துக் கடைக்குச் சொல்வது எல்லாம் அந்த ஒரு போனில்தான். மணி அடித்தால் ஆசையோடு எடுக்கிறார்கள், எதிரில் பேசுகிறவர் சொல்வதைக் கடைசிவரை கேட்கிறார்கள். அதைப் பேராசை என்றோ அறியாமை என்றோ சொல்வது அநியாயம்.

சரி, திரையில் தெரிகிற எண்ணையும் பெயரையுமாவது நம்பலாமா? அதுவும் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை இந்திய எண்ணிலிருந்து வருவதுபோலக் காட்ட முடியும். 2024 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறை இப்படிப்பட்ட போலி எண் அழைப்புகளைத் தடுக்க ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியபோது முதல் 24 மணி நேரத்திலேயே சுமார் 1.35 கோடி அழைப்புகள் தடுக்கப்பட்டதாக அரசு சொன்னது. இதைத் தவிர இங்கேயே சிம் பாக்ஸ் என்ற பெட்டிகளை வாடகை அறைகளில் வைத்து, வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் சிம் வழியாகத் திருப்பிவிடுகிறார்கள், திரையில் சாதாரண பத்து இலக்க எண்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் காவல்துறைச் சின்னத்தைப் படமாக வைத்துக்கொள்ள யாராலும் முடியும். ஒருவரின் பெயரைக் காட்டும் செயலிகளில் வருவதும் பிறர் பதிந்துவைத்த பெயர்தான்.

ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது, அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். வங்கிகள் சேவை தொடர்பாகக் கூப்பிடும்போது 1600 என்று தொடங்கும் எண்களையும், விளம்பரத்துக்குக் கூப்பிடும்போது 140 என்று தொடங்கும் எண்களையும் பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. ஆகவே சாதாரண கைபேசி எண்ணிலிருந்து "பேங்க் மேனேஜர் பேசுறேன், கே.ஒய்.சி. முடிஞ்சுபோச்சு" என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அதற்காக 1600 என்று வந்தால் ஓ.டி.பி. சொல்லலாம் என்று அர்த்தமில்லை. எந்த எண்ணிலிருந்து வந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே. போனை வையுங்கள். பாஸ்புக்கில் இருக்கிற எண்ணுக்கு, ஏ.டி.எம். அட்டையின் பின்னால் அச்சிட்டிருக்கிற எண்ணுக்கு, மின் கட்டண அட்டையில் உள்ள எண்ணுக்கு நீங்களாகவே கூப்பிட்டுக் கேளுங்கள். கூகுளில் வங்கியின் பெயரைப் போட்டு வருகிற முதல் எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள், அங்கேயும் போலி வாடிக்கையாளர் சேவை எண்களைப் போட்டுவைத்திருக்கிறார்கள். நிஜமான அலுவலகமாக இருந்தால் நீங்கள் பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டாலும் அது அங்கேயேதான் இருக்கும். போனை வைத்துவிட்டால் மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று நம் ஊர்ப் பெரியவர்கள் தயங்குகிறார்கள். வைக்கலாம். பாதிப் பேச்சில் வைக்கலாம்.

டிஜிட்டல் கைது என்கிற மோசடியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே வீட்டில் வாழ்நாள் சேமிப்பு மொத்தத்தையும் துடைத்துப்போடுகிற மோசடி இது. ஆரம்பம் சாதாரணமாக இருக்கும். உங்கள் பெயரில் அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் இருந்தது என்றோ, உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மிலிருந்து ஆபாசச் செய்திகள் போயிருக்கின்றன, இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் முடக்கப்படும், 9-ஐ அழுத்துங்கள் என்றோ வரும். அழுத்தினால் மும்பை போலீஸுக்கு மாற்றுகிறோம் என்பார்கள். அடுத்து வாட்ஸ்அப்பில் வீடியோ. பின்னால் காவல் நிலையம் மாதிரி ஒரு சுவர், சீருடையில் ஓர் ஆள், வயர்லெஸ் சத்தம். சி.பி.ஐ. முத்திரை, உச்ச நீதிமன்ற முத்திரை போட்ட கடிதங்கள் ஒவ்வொன்றாக வரும். உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறோம், கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களும் வழக்கில் சேர்க்கப்படுவார்கள் என்பார்கள். இப்படியே நாள்கணக்கில் வைத்திருந்து, தூங்கும்போதுகூடக் கேமரா எரிய வேண்டும் என்று மிரட்டி, கடைசியில் உங்கள் பணம் சுத்தமானதா என்று ரிசர்வ் வங்கி சரிபார்க்க வேண்டும், எல்லாவற்றையும் இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள், சரிபார்த்ததும் திரும்பி வந்துவிடும் என்பார்கள். மனிதர்கள் வைப்புத்தொகையை உடைத்து, நகையை அடகு வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. 2024 அக்டோபர் 27-ஆம் தேதி மனதின் குரல் நிகழ்ச்சியில் பிரதமரே இதைச் சொன்னார். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி சம்மனை மின்னணு வழியில் அனுப்பலாம், ஆனால் கைது என்பது ஆள் நேரில் வந்து செய்கிற காரியம். அதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். ஒருவரைக் கைது செய்தால் அந்தத் தகவலை அவருடைய உறவினருக்கோ நண்பருக்கோ காவல்துறை உடனே தெரிவித்தாக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும். நிஜமான போலீஸ் வீட்டுக்குச் சொல்லக் கடமைப்பட்டது, இவன் வீட்டுக்குச் சொல்லாதே என்கிறான். இந்த வித்தியாசம் ஒன்றை மட்டும் அம்மா அப்பாவிடம் சொல்லிவைத்தால்கூடப் போதும். ரிசர்வ் வங்கி விஷயமும் அப்படித்தான், அது தனிமனிதர்களுக்குக் கணக்கு நடத்துவதில்லை, யாருடைய பணத்தையும் வாங்கிச் சரிபார்ப்பதும் இல்லை.

ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த வயதான தம்பதி போலி நீதிமன்ற உத்தரவுகளைக் காட்டி ஏமாற்றப்பட்ட விவகாரத்தை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நாடு முழுக்க உள்ள டிஜிட்டல் கைது வழக்குகளை சி.பி.ஐ. விசாரிக்க உத்தரவிட்டது. படித்தவர்கள் எப்படி இதில் விழுகிறார்கள் என்று ஆச்சரியப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். எனக்கு ஆச்சரியமில்லை. வாழ்க்கை முழுக்க மேலதிகாரி சொன்னதைக் கேட்டு, கடிதத்தில் முத்திரை இருந்தால் மதித்து, ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்றவருக்குத் தன் பெயர் ஒரு வழக்கில் வந்துவிட்டது என்பதே தாங்க முடியாத விஷயம். நேர்மையாக இருந்தவர்தான் அதிகம் பயப்படுவார். சீருடையிலும் அரசு வேலையிலும் ஆயுளைக் கழித்த ஆட்கள் இவ்வளவு பேர் இருக்கிற நம் மாவட்டத்தில் அந்த மரியாதையைத்தான் இவர்கள் முதலாக்கப் பார்க்கிறார்கள்.

மலைக்கே உரிய சில வலைகளும் உண்டு. செல்போன் கோபுரம் அதில் ஒன்று. கூடலூர், பந்தலூர்ப் பக்கமும் மேல்குந்தா மாதிரி உள்ளடங்கிய இடங்களிலும் சிக்னலுக்காக மேட்டில் ஏறி நின்று பேசுகிறவர்களுக்கு, "உங்க நிலத்துல டவர் வைக்க செலக்ட் ஆயிருக்கு" என்றால் நம்பும்படியாகத்தான் இருக்கும். பச்சைத் தேயிலை விலை இறங்கிக் கிடக்கும்போது ஓர் ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிற சிறு விவசாயியிடம் லட்சக்கணக்கில் முன்பணம், மாதம் இவ்வளவு வாடகை, வீட்டில் ஒருவருக்குக் காவலாளி வேலை என்று சொன்னால் யாருக்குத்தான் மனசு அசையாது? அப்புறம் பதிவுக் கட்டணம், அரசு வரி, டிராய் தடையில்லாச் சான்றிதழ் என்று தவணை தவணையாகக் கேட்பார்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் என்பதால் கொடுத்ததை விட்டுவிட மனசு வராமல் மேலும் கொடுக்கத் தோன்றும். டிராயும் சரி தொலைத்தொடர்புத் துறையும் சரி, கோபுரத்துக்கு நிலம் எடுப்பதிலும் தடையில்லாச் சான்று கொடுப்பதிலும் சம்பந்தப்படுவதே இல்லை என்று திரும்பத் திரும்ப அறிவித்திருக்கின்றன. நிஜமாகவே கோபுரம் வைக்க வருகிறவர்கள் நிலத்தைப் பார்க்க ஆள் அனுப்புவார்கள், ஒப்பந்தம் போடுவார்கள், பணத்தை அவர்கள்தான் நமக்குக் கொடுப்பார்கள். நிலத்துக்காரரிடம் பணம் கேட்கிற கோபுரம் எங்கேயும் எழும்பப் போவதில்லை.

சீசனில் மேலே வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காட்டேஜ் முன்பதிவு என்று அழகான படங்களோடு இருக்கிற எண்ணுக்குக் கூப்பிட்டு, முழுப் பணத்தையும் யு.பி.ஐ.-யில் அனுப்பிவிட்டு, இங்கே வந்து பார்த்தால் அந்த முகவரியில் காட்டேஜே இல்லை. படங்கள் வேறு யாருடைய விடுதியிலிருந்தோ எடுத்தவை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது, அதை எடுக்கக் கட்டணம் எதுவும் இல்லை. எடுத்துத் தருகிறேன், பணம் அனுப்பு என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி பணம் போகிற வழி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வருவோம், இது புரிந்தால் பல கதைகள் தானாகவே உடைந்துபோகும். யு.பி.ஐ.-யில் பின் போடுவது பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான். பணம் வாங்கப் பின் வேண்டாம், கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யவும் வேண்டாம். பழைய சோபாவை விற்கப் போட்டிருந்தீர்கள், வாங்குகிறவன் "கோடு அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்" என்றால் போகப்போவது உங்கள் பணம். ஒருவர் இன்னொருவரிடம் யு.பி.ஐ. வழியாகப் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்புகிற வசதியையே 2025 அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்து யு.பி.ஐ.-யை நடத்துகிற என்.பி.சி.ஐ. நிறுத்திவிட்டது, அந்த அளவுக்கு அதை வைத்து ஏமாற்றினார்கள். "தவறுதலா உங்களுக்குப் பத்தாயிரம் அனுப்பிட்டேன், ஆஸ்பத்திரிச் செலவு, திருப்பி அனுப்புங்க" என்று வந்தால் குறுஞ்செய்தியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அந்தக் குறுஞ்செய்தியையே அவன்தான் அடித்து அனுப்பியிருப்பான், வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பாருங்கள். நிஜமாகவே வந்திருந்தாலும் நீங்களாக அனுப்ப வேண்டாம், வங்கியில் சொல்லி வங்கி மூலமாகத் திருப்பச் சொல்லுங்கள்.

ஓ.டி.பி. சொல்லக் கூடாது என்பது இப்போது பலருக்கும் தெரிந்துவிட்டது. அதனால் மோசடிக்காரர்கள் கேட்காமலே எடுக்கிற வழிக்குப் போய்விட்டார்கள். திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம், பிஎம் கிசான் என்று ஏதாவது ஒரு பெயரில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. என்று முடிகிற ஒரு கோப்பு வரும். அது படமோ கடிதமோ கிடையாது, செயலி. தொட்டு நிறுவி, கேட்கிற அனுமதிக்கெல்லாம் சரி கொடுத்துவிட்டால் உங்கள் குறுஞ்செய்திகளை அது படித்து அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருக்கும், ஓ.டி.பி. வந்த சுவடுகூட உங்களுக்குத் தெரியாமல் போகலாம். பல சமயம் அது தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவருடைய போன் ஏற்கெனவே சிக்கியிருக்கும். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வருகிற எந்தச் செயலியும் வேண்டாம் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல வேலைக்காக உண்டாக்கப்பட்ட செயலிகள்தான், ஆனால் முன்பின் தெரியாதவன் அதை இறக்கச் சொன்னால் உங்கள் திரையை அவனுக்குத் திறந்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் திரையைப் பகிர்வதும் அதேதான். இன்னொன்று, கூரியர் வந்திருக்கிறது, நட்சத்திரக் குறியோடு 401 அல்லது 21 என்று தொடங்கும் எண்ணை டயல் செய்யுங்கள் என்பார்கள். அது உங்களுக்கு வரும் அழைப்புகளை அவன் எண்ணுக்குத் திருப்பிவிடுகிற கட்டளை, அதன்பிறகு குரலில் சொல்லப்படுகிற ஓ.டி.பி. அவனுக்குப் போகும். இப்படி டயல் செய்து அழைப்பைத் திருப்புகிற வசதியை 2024 ஏப்ரல் 15-லிருந்து நிறுத்திவைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. இருந்தாலும் சந்தேகம் வந்தால் ##002# என்று டயல் செய்து எல்லாத் திருப்புதலையும் ரத்து செய்துவிடலாம்.

அந்தப் பக்கம் இருப்பது யார்? ஜார்க்கண்டின் ஜாம்தாரா, ஹரியானா ராஜஸ்தான் எல்லையிலுள்ள மேவாத் பகுதி ஆகியவற்றின் பெயர் பல வழக்குகளில் அடிபட்டது. இப்போது மியான்மர், கம்போடியா, லாவோஸ் ஆகிய நாடுகளில் வளாகம் வளாகமாக ஆட்களை அடைத்து வைத்து நடத்துகிறார்கள். அங்கே உட்கார்ந்து பேசுகிறவர்களில் ஒரு பகுதியினர் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், பாஸ்போர்ட் பறிக்கப்பட்டு, அடித்து உதைத்து வேலை வாங்கப்படுகிறவர்கள். மியான்மரின் மியாவாடியில் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் 2022-லேயே மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள், 2025 மார்ச்சில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்து வந்தார்கள். வேலை தேடுகிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதையும் பேச வேண்டும். கல்லூரிப் பையன்களிடம் "உன் பேங்க் அக்கவுண்டை மட்டும் குடு, மாசாமாசம் கமிஷன்" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். திருடிய பணத்தைக் கைமாற்றுவதற்குத்தான் அந்தக் கணக்கு. போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பையன் வீட்டு வாசலில். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதையும் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் வாங்காத எண் இருந்தால் அங்கேயே சொல்லித் துண்டிக்கலாம்.

நாட்டில் இப்படிப் போகிற பணம் சின்னத் தொகை இல்லை. 2023-இல் 7,465 கோடி ரூபாய், 2024-இல் 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது, ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. இது புகார் கொடுத்தவர்களின் கணக்கு மட்டுமே. வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டவர்கள் இதில் இல்லை.

பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். மகனிடம் கேட்டுவிட்டு, நாளைக்கு வங்கி திறந்ததும், மழை விட்டதும் என்று தள்ளவே கூடாது. உங்கள் பணம் முதல் கணக்கில் உட்கார்ந்திருப்பதில்லை, அங்கிருந்து ஐந்தாறு கணக்குகளுக்குப் பிரிந்து, அங்கிருந்து இன்னும் பலவற்றுக்குப் போய், ஏதோ ஓர் ஊரில் ஏ.டி.எம்.-மில் எடுக்கப்படும் அல்லது கிரிப்டோவாக மாறிவிடும். 1930-இல் புகார் பதிவானதும் அது சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குக் கணினி வழியாகப் போய், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே அந்தத் தொகையை எடுக்க முடியாதபடி பிடித்துவைப்பார்கள். முந்தினால் பணம் நிற்கும், பிந்தினால் வெறும் கணக்கு நிற்கும். கூப்பிடும்போது எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்ற நான்கையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தமிழிலேயே பேசலாம். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரை முழுமையாகப் பதிவு செய்யுங்கள். மாவட்டத்துக்கான சைபர் கிரைம் காவல் நிலையம் உதகையில் இருக்கிறது. சேரம்பாடியிலிருந்தோ அய்யன்கொல்லியிலிருந்தோ அதற்குப் பஸ் பிடித்துப் போவதென்றால் பாதி நாள் போய்விடும், ஆகவே முதலில் போன், அப்புறம் பயணம்.

அதே நேரம் வங்கிக்கும் சொல்லிக் கணக்கை முடக்கச் செய்யுங்கள், புகார் எண்ணை எழுதி வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை ஒன்று இதில் முக்கியம். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போயிருந்து, வங்கி தகவல் தந்ததிலிருந்து மூன்று வேலை நாள்களுக்குள் சொல்லிவிட்டால் இழப்பு உங்கள் தலையில் விழாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாள்களுக்குள் என்றால் ஒரு வரம்பு வரை உங்களுடையது. ஓ.டி.பி.-யையோ பின்னையோ நீங்களே சொல்லியிருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்களுடையது, தெரிவித்த பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. "நான்தானே நம்பரைச் சொன்னேன், இனி என்ன பிரயோஜனம்" என்று வாயடைத்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தக் கடைசி வரி தெரிவதே இல்லை.

வீட்டில் முன்கூட்டியே செய்யக்கூடியவை சில உண்டு. பென்ஷன் வருகிற கணக்கில் யு.பி.ஐ. இணைக்காமல் விட்டு, கடைக்கு, மருந்துக்கு என்று வேறொரு கணக்கில் இரண்டு மூன்றாயிரம் மட்டும் போட்டு அதில் யு.பி.ஐ. வைத்துக்கொள்ளலாம். வைப்புத்தொகையை இணையத்தில் உடைக்க முடியாதபடி கிளையில் கேட்டுப் பாருங்கள். ஆதார் கைரேகையைச் செயலியில் பூட்டிவைக்கலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். மகன் குரலிலேயே பேசி விபத்து, பணம் அனுப்பு என்று அழைக்கிற போலிக் குரல்கள் வர ஆரம்பித்துவிட்ட காலம் இது, ஆகவே குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லைப் பேசிவைத்துக்கொண்டு, பணம் கேட்டால் முதலில் அந்தச் சொல்லைக் கேட்கச் சொல்லுங்கள். பணம் போய்விட்டது என்று அம்மாவோ அப்பாவோ போன் செய்தால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லமாட்டார்கள், சொல்லாமல் விடுகிற அந்த மணி நேரங்களில்தான் மிச்சப் பணமும் போகும்.

புகார் கொடுத்து ஒன்றிரண்டு வாரம் கழித்து இன்னோர் அழைப்பு வரக்கூடும். சைபர் போலீஸிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணத்தைப் பிடித்துவிட்டோம், விடுவிக்க நீதிமன்றக் கட்டணம் கட்டுங்கள் என்று. ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்பனைக்குப் போகிறது, அதனால்தான் புகார் விவரமெல்லாம் அவர்களுக்குத் தெரிகிறது. பிடித்துவைத்த பணம் திரும்பி வர எந்தக் காவல் நிலையமும் போனில் கட்டணம் கேட்காது. அந்த அழைப்பையும் பாதியில் வைத்துவிட்டு, உங்கள் புகார் எண்ணைச் சொல்லி நீங்களே காவல் நிலையத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள், வந்த எண்ணைச் சஞ்சார் சாத்தியில் மோசடி அழைப்புகளைத் தெரிவிப்பதற்காக உள்ள சக்ஷு பகுதியில் பதிந்துவிடுங்கள்.